கல்லில் ஒரு வரி, கதையில் ஐந்து பாகம்: தெரியுமா உங்களுக்கு?

ஆடிப்பெருக்கு நாள். வீரநாராயண ஏரிக்கரை மேல் ஒரு வாலிபன் களைத்த குதிரையில் வருகிறான். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இப்படித்தான் தொடங்குகிறது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது தெரியுமா? அந்த ஏரியை ஒட்டிய காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், நாவலின் மொத்த மர்மத்துக்கும் மூலமான கல்வெட்டு இன்றும் இருக்கிறது! சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அதில் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். சோமன், ரவிதாசன், பரமேசுவரன். ஆம், அதே ரவிதாசன்! நள்ளிரவுக் காட்டில் ஆந்தைக் குரல் கொடுத்து நம்மைச் சிறுவயதில் தூங்கவிடாமல் செய்த அந்த மந்திரவாதி, கல்கி கற்பனையில் பிறந்தவன் அல்ல. ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறவன்.

ஏரி எதுவென்று கேட்கிறீர்களா? வீராணம்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி, அவனுடைய வீரநாராயணன் என்ற விருதுப்பெயரைச் சுமந்த ஏரி. 2004 முதல் அதன் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. சென்னையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தியத்தேவனைப் படிப்பவர், அவன் பார்த்து வியந்த ஏரியின் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கலாம்!

அந்த உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். அது கொலையைச் சொல்வதற்காக வெட்டப்பட்ட கல்வெட்டு அல்ல. நிலக்கணக்கு! கொலையில் தொடர்புடையவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்யும்படி அரசாணை வருகிறது. அப்படிப் பறிமுதலான நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலில் அறக்கட்டளை வைக்கிறார். நாளைக்கு யாரும் வில்லங்கம் பேசக் கூடாதே என்று, இந்த நிலம் எப்படி வந்தது என்ற விவரத்தையும் சேர்த்துப் பொறித்து வைத்தார்கள். பத்திரத்தில் முன் ஆவணம் எழுதுவோமே, அது மாதிரி. சோழ வரலாற்றின் மிகப் பெரிய கொலை வழக்கு நமக்குத் தெரியவந்தது ஒரு கிரயப் பத்திரத்தின் வழியாக!

பறிமுதல் யார் யாருடைய சொத்து வரை போனது தெரியுமா? கொன்றவர்களோடு நிற்கவில்லை. தம்பிமார், மக்கள், பெரியப்பன்மார், சிற்றப்பன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், இவர்கள் வீட்டுப் பெண்களைக் கட்டியவர்கள் என்று உறவுமுறை சொல்லிச் சொல்லி ஆணை நீள்கிறது. படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஒரு குடும்பமே வேரோடு பிடுங்கப்பட்ட கதை அதில் இருக்கிறது. அதை இன்னும் யாரும் நாவலாக எழுதவில்லை என்பதே எனக்கு ஏக்கம்.

இதைவிடச் சிலிர்ப்பான செய்தி அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது. ரவிதாசனுக்குப் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்று பட்டம். பரமேசுவரனுக்கு ‘இருமுடிச்சோழப் பிரமாதிராசன்’ என்று பட்டம். பிரமாதிராசன் என்பது அந்தணராய் இருந்த அரசு உயர் அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்ட விருது. பஞ்சவன் என்றால் பாண்டியன். அண்ணன் தம்பி இருவரில் ஒருவன் பட்டத்தில் பாண்டியன் பெயர், இன்னொருவன் பட்டத்தில் சோழன் பெயர்! ஆதித்த கரிகாலன் யார்? வீரபாண்டியன் தலைகொண்டவன் என்று பெருமை பேசிக்கொண்டவன். போதாதா ஒரு நாவலாசிரியனுக்கு? பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள், பழிவாங்கும் சபதம், கடம்பூர் மாளிகையின் இருட்டறை எல்லாம் இந்த ஒற்றைப் பட்டப்பெயரின் இடுக்கிலிருந்து முளைக்க முடியும்.

கல்வெட்டின் காலத்தையும் பாருங்கள். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. அவன் அரியணை ஏறியது 985-இல். ஆதித்தன் கொலையுண்டதற்கும் இந்த ஆணைக்கும் நடுவே உத்தம சோழனின் ஆட்சி முழுதும் கிடக்கிறது. ஏன் இத்தனை தாமதம்? உத்தம சோழனுக்குக் கொலையில் பங்கு உண்டோ என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயப்பட்டார். இல்லை என்று சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். இரண்டு பேரறிஞர்களின் நூல்களையும் மேசையில் வைத்துக்கொண்டு எழுதிய கல்கி, தீர்ப்பே சொல்லாமல் விட்டார். கொன்றது யார் என்று நாவலை முடித்த பிறகும் வீட்டுக்கு வீடு சண்டை நடந்ததே, அந்தச் சண்டை ஆராய்ச்சியாளர்களுக்குள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததுதான்!

1950 அக்டோபர் 29-இல் தொடங்கிய தொடர், 1954 மே 16-இல் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5-இல் கல்கி மறைந்தார். மூன்றரை ஆண்டு வாரா வாரம் எழுதி, முடித்து, ஏழே மாதம். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை! மணியம் வரைந்த குந்தவையின் கொண்டையோடும், அந்த வாரத்து விளம்பரங்களோடும் அட்டை போட்ட அந்தப் புத்தகங்களில்தான் எங்கள் தலைமுறை சோழ நாட்டுக்குள் போனது. பிள்ளைகளுக்கு அருள்மொழி, வானதி என்று பெயர் வைக்கும் வழக்கமும் அந்தப் பக்கங்கள் வழியாகத்தான் பெருகியது.

சரி, வந்தியத்தேவன்? நாவலில் அவன் இல்லாத இடம் உண்டா? ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவனுக்குக் கிடைத்தது ஒரு துணுக்குத்தான். ராஜராஜனின் அக்காள் குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார். அவ்வளவே! அவன் எப்படிச் சிரிப்பான், வாளை எப்படிச் சுழற்றுவான், குந்தவையை முதலில் எங்கே பார்த்தான் என்று எதுவுமே கிடையாது. கல்வெட்டில் மனைவியைச் சொல்ல வந்த இடத்தில் கணவனின் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த ஒட்டில் தொற்றிக்கொண்டு ஒரு எழுத்தாளர் ஐந்து பாகம் எழுதினார் என்பதை நினைக்க நினைக்க ஆச்சரியம் அடங்குவதில்லை.

குந்தவைக்கோ கல்லில் பஞ்சமே இல்லை. தான் கொடுத்தவற்றைச் சொன்ன அடுத்த மூச்சிலேயே ‘அக்கன்’ கொடுத்தவற்றையும் பொறிக்கச் சொன்னான் ராஜராஜன். தேவியருக்கும் முன்னால் அக்கன்! திண்டிவனம் பக்கத்தில் தாதாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அன்றைக்கு அது ராஜராஜபுரம். அந்த ஒரே ஊரில் சிவனுக்கு ஒரு கோயில், திருமாலுக்கு ஒரு கோயில், சமணருக்கு ஒரு ஜினாலயம் என்று மூன்றையும் எடுப்பித்தவள் குந்தவை. தஞ்சைக் கோயிலில் தன் தந்தைக்குத் திருமேனி செய்து வைத்து, அதற்குப் பூசைக்கும் ஏற்பாடு செய்தாள். அந்தத் தந்தையை, காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்த சுந்தர சோழரை, கல்வெட்டுகள் என்ன சொல்லி அழைக்கின்றன தெரியுமா? பொன்மாளிகைத் துஞ்சின தேவர். செத்தார் என்று எழுத மனம் வராமல், தூங்கினார் என்று எழுதியிருக்கிறார்கள்.

தாயின் கதை அதைவிட வலிக்கும். திருக்கோவலூர் வீரட்டானத்துக் கல்வெட்டு சொல்கிறது: சுந்தர சோழரின் தேவி வானவன் மாதேவி, பால் குடிக்கும் பிள்ளையைப் பிரிந்து கணவனோடு தீயில் இறங்கினாள். நாவலில் அவளை மலையமான் மகளாக, நோயாளிக் கணவனின் கட்டிலருகே அமைதியாக உட்கார்ந்திருப்பவளாகவே பார்க்கிறோம். அவளுக்கு வரப்போகும் முடிவைத் தெரிந்துகொண்டு அந்த அத்தியாயங்களை மறுபடி படித்துப் பாருங்கள். அவள் தலையணையைச் சரிசெய்யும் இடத்தில்கூடத் தொண்டை அடைக்கும்.

வானதி? அந்தப் பெயரில் யாரும் கல்வெட்டில் இல்லை. ஆனால் ராஜராஜன் மகன் ராஜேந்திர சோழனைப் பெற்றவள் இன்னொரு வானவன் மாதேவி, அதாவது திரிபுவன மாதேவி. கொடும்பாளூர் வேளிர் குலத்துச் சிறியவேளான், சுந்தர சோழருக்காக ஈழத்துப் போர்க்களத்தில் பட்டு வீழ்ந்தவன் என்பதும் கல்வெட்டுச் செய்தி. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டால், அப்பாவை ஈழத்தில் பறிகொடுத்த, அடிக்கடி மயங்கி விழுகிற ஒரு சின்னப் பெண் கிடைக்கிறாள். முடிச்சுப் போடத் தெரிவதுதான் கலை! அநிருத்தப் பிரமராயர்கூட அப்படித்தான். சுந்தர சோழர் தம் அமைச்சர் அநிருத்தருக்கு நிலம் கொடுத்த அன்பில் செப்பேடு அவரை வைணவக் குடும்பத்தவர் என்று காட்டுகிறது. வைணவ அமைச்சருக்கு வீர வைணவ ஒற்றன் ஒருவன் வேண்டாமா? வந்துவிட்டான் ஆழ்வார்க்கடியான்! பழுவேட்டரையர்களும் உண்மைக் குடிதான். அரியலூர்ப் பக்கம் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் கோயில்களுக்குப் போனால் அவர்கள் பெயர் சுவரெங்கும். அந்தக் குடியில் பராந்தகனே பெண் எடுத்திருக்கிறான். அறுபத்து நான்கு விழுப்புண்ணும் நந்தினியும் மட்டும் கல்கி கொடுத்தவை. நந்தினிக்குக் கல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆனாலும் எல்லாரிலும் அவள்தான் உயிரோடு நடமாடுகிறாள்.

எல்லா இடத்திலும் கல்கி வரலாற்றின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாரா? இல்லை, விட்ட இடமும் உண்டு. சுரத்தில் கிடந்த இளவரசன் அருள்மொழி நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் மறைந்திருக்கிறானே, செப்பேட்டுக் கணக்கில் அந்த விகாரம் எழுந்ததே அவன் ராஜராஜனாகிப் பல ஆண்டு கழித்து! கடல் கடந்த ஸ்ரீவிஜயத்து மன்னன் கட்டத் தொடங்கிய பௌத்த விகாரம் அது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடுத்தது தன் 21-ஆம் ஆட்சியாண்டில். அந்தக் கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகள் கப்பலேறி ஹாலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதனால்தான் அவற்றுக்கு லெய்டன் செப்பேடு என்றே பெயர். விகாரத்தின் எச்சமாக நாகப்பட்டினக் கடற்கரையில் நின்ற பழைய கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் கல்கி இந்தக் காலப் பிசகைச் செய்தது சரியே. சிவபக்தனான ஒரு மன்னன் பௌத்தருக்கு ஒரு முழு ஊரையே ஏன் கொடுத்தான் என்ற கேள்விக்கு, அங்கே யாரோ ஒரு பிக்கு அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார் என்பதைவிட நல்ல விடை வேறென்ன இருக்க முடியும்?

பல்லவர் பக்கம் வாருங்கள். ‘சிவகாமியின் சபத’த்தில் சிவகாமியும் ஆயனரும் கற்பனை. மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கதை மனத்தில் எழுந்தது என்று கல்கியே சொல்லியிருக்கிறார். ஆனால் வாதாபி எரிந்தது உண்மை! 642-இல் மாமல்லன் என்ற நரசிம்ம பல்லவன் படை அந்தக் கோட்டைக்குள் நுழைந்தது. இன்று பாதாமி என்று அழைக்கப்படும் அந்த ஊர்ப் பாறையில் அவன் பெயர் பொறித்த கல்வெட்டு இன்னும் இருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 634-இல், வாதாபியை ஆண்ட சாளுக்கிய மன்னன் புலிகேசியின் கவிஞன் ரவிகீர்த்தி ஐஹொளெ கோயிலில் பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிய வைத்ததாகப் பெருமையாக எழுதி வைத்திருந்தான். எட்டே ஆண்டுகளில் பதில் வந்துவிட்டது. பரஞ்சோதியும் உண்மை. சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய சிறுத்தொண்டர் அவர்தான். வாதாபியை வென்ற கையோடு படைக்கலத்தை வைத்துவிட்டு, திருச்செங்காட்டங்குடியில் அடியாருக்கு அமுது படைக்க உட்கார்ந்துவிட்ட தளபதி! இப்படி ஒரு மனிதர் வரலாற்றிலேயே இருக்கும்போது கற்பனைக்கு என்ன வேலை என்று தோன்றும்.

மாமல்லனைப் பற்றி நாவலில் வராத ஒரு சங்கதி. இலங்கையின் மகாவம்சத்தில் இருக்கிறது. ஆட்சியை இழந்த மானவர்மன் என்ற சிங்கள இளவரசன் பல்லவனிடம் அடைக்கலம் புகுந்து வருடக்கணக்காக இருந்தான். ஒருநாள் இருவரும் வெளியே போனபோது மாமல்லனுக்குத் தாகம். இளநீர் குடித்தான். மிச்சத்தை மானவர்மனிடம் நீட்டினான். நண்பன் குடித்த எச்சிலில் என்ன குற்றம் என்று மானவர்மனும் வாங்கிக் குடித்தான். அவன் குடித்து மீந்ததை மாமல்லன் திரும்ப வாங்கிக் குடித்தான்! பேரரசன் ஒருவன் ஊர் இழந்தவனின் எச்சிலைக் குடித்த அந்த நொடியில் நட்பு உறுதியாகிவிட்டது. பிறகு பல்லவக் கப்பற்படை கடலைத் தாண்டியது, மானவர்மன் அரசனானான். ஓர் இளநீரில் ஒரு நாடு திரும்பக் கிடைத்த கதையை எழுதாமல் விட்டுவிட்டோமே!

கடல் என்றதும் சாண்டில்யன் நினைவு வராமல் போகுமா? ‘கடல் புறா’வின் நாயகன் இளையபல்லவன் கருணாகர தொண்டைமான், கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பாடிய அதே சோழத் தளபதி. அவனை மரக்கலம் ஏற்றி, ஒருபக்கம் காஞ்சனா தேவியையும் மறுபக்கம் மஞ்சளழகியையும் நிறுத்தியது சாண்டில்யன். வாசகர்கள் வாரம் முழுக்கக் குமுதத்துக்குக் காத்திருந்தார்கள். கடலில் தமிழர் இப்படியெல்லாம் அலைந்தார்களா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு இரண்டு சங்கதி. 1077-இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனத்துச் சோங் அரசவைக்குப் போயிருக்கிறது. சுமத்ரா தீவில் பாரூஸ் என்ற கடற்கரையூரில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதை வைத்தவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர்கள். கற்பூரம் விளைந்த கரையில் தமிழெழுத்து!

பாலகுமாரனின் ‘உடையா’ரைப் படித்தவர்கள் பஞ்சவன்மாதேவியை மறக்க மாட்டார்கள். ராஜராஜனின் தேவியருள் ஒருத்தி. கோயில் எழுந்த நாட்களில் அவனுக்கு நிழலாக நடந்தவளாக அவளைப் படைத்திருக்கிறார். அந்த நாவலில் வரும் பெருந்தச்சன் குஞ்சரமல்லனும், ஊர் ஊராகத் தஞ்சைக்கு வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களும், அதாவது கோயில் ஆடல் மகளிரும், பெரிய கோயில் சுவரிலிருந்து இறங்கி வந்தவர்கள். ஒவ்வொரு பெண்ணின் பெயரும், எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் அங்கே இருக்கிறது. நானூறு வீட்டு விலாசம்! ஆனால் பஞ்சவன்மாதேவியை எனக்கு நெருக்கமாக்கியது பெரிய கோயில் அல்ல. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பட்டீசுவரம் போனால், அங்கே ராமநாதன் கோயில் என்று சின்னதாக ஒன்று இருக்கிறது. கூட்டமே வராது. அது பஞ்சவன்மாதேவியின் பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில். எழுப்பியது யார் தெரியுமா? ராஜேந்திர சோழன். அவள் வயிற்றில் பிறந்தவன் அல்லன். மாற்றாந்தாய்க்கு, கங்கை வரை படை நடத்திய மகன் கோயில் கட்டியிருக்கிறான்! சிற்றன்னை என்றாலே கொடுமைக்காரி என்று எழுதிப் பழகிய நமக்கு இந்தக் கல் எத்தனை பெரிய செய்தி. நான் போனபோது பிராகாரத்தில் புல் முளைத்திருந்தது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கல்வெட்டுகளை வெட்டியவர்கள் காதலை எழுத உட்காரவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு நெய்க்கணக்கு, நெல்கணக்கு, ஆட்டுக்கணக்கு. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு. அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கிழடானால், செத்தால், வேறு ஆடு விட்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதற்குப் பொருள். அப்படிப்பட்ட கணக்கு வரிகளுக்கு நடுவே, யாரும் கேட்காமல், ஒரு காதல் எட்டிப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. எந்த நாவலாசிரியரும் இதற்குமேல் எழுதிவிட முடியாது.

திருவாரூர். ராஜேந்திர சோழனின் 20-ஆம் ஆட்சியாண்டு. அவனுக்கு ஓர் அணுக்கி இருந்தாள், அதாவது நெஞ்சுக்கு அணுக்கமானவள். பட்டத்தரசி அல்லள். பெயர் பரவை நங்கை. அதே திருவாரூரில், சில நூற்றாண்டுகளுக்கு முன், சுந்தரமூர்த்தி நாயனார் கண்டு மயங்கிய பெண்ணின் பெயரும் பரவைதான்! அவளுக்காகச் சிவபெருமானே நள்ளிரவில் தூது நடந்த தெரு அந்த ஊர்த் தெரு. அந்த ஊரில், அந்தப் பெயருடையவள், வீதிவிடங்கரின் கோயிலுக்குப் பொன் வேய்ந்தாள். மன்னன் அவளைத் தன்னோடு தேரில் ஏற்றிக்கொண்டு, ஊரறியக் கோயிலுக்கு வந்தான். இருவரும் நின்று கும்பிட்டார்கள்.

பிறகு கல்வெட்டு ஒரு குத்துவிளக்கைப் பற்றிச் சொல்கிறது. உடையார் ராஜேந்திர சோழதேவரும் அணுக்கியார் பரவை நங்கையாரும் சேர்ந்து நின்ற இடம் எதுவென்று தெரிய வேண்டும். அதற்காக அங்கே ஒரு விளக்கு. கங்கை கொண்டான், கடாரம் கொண்டான், அவன் கொண்ட நாடுகளின் பட்டியல் மெய்க்கீர்த்தியில் மூச்சு வாங்க வாங்க ஓடுகிறது. அவனும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற அந்த இரண்டடித் தரைக்கு மட்டும் அடையாளம் ஒரு விளக்கு!

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் பனையபுரம் இருக்கிறது. அங்கே அவள் பெயரால் பரவைபுரம் என்று ஓர் ஊரே இருந்தது. ராஜேந்திரன் காலமான பின், அவன் மகன் ஆட்சியில், அங்கே ராஜேந்திரனுக்கும் பரவைக்கும் திருமேனிகள் வைத்து வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார்கள். அப்பாவின் அணுக்கியை அப்பாவோடு சேர்த்தே மகன் நிறுத்தியிருக்கிறான். திருவாரூருக்குப் போகிறவர்கள் தேர் பார்ப்பார்கள், கமலாலயக் குளம் பார்ப்பார்கள். அடுத்த முறை போகும்போது தியாகராசர் சந்நிதிப் பக்கம் கொஞ்சம் மெதுவாக நடங்கள். அந்த இரண்டு பேரும் நின்ற இடம் அங்கேதான் எங்கோ இருக்கிறது.